படிக்காமல் அழுத்திய பொத்தான்

கண்ணு,

இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உன் ஏஐ உதவியாளரிடம் கொடுத்து, அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று நாலு வரியில் சொல்லச் சொல்லாதே. நீ அப்படித்தான் செய்வாய் என்று தெரிந்தே முதல் வரியில் எழுதுகிறேன். கன்னடம் என்றால் நீ கடகடவென்று படித்துவிடுவாய், தமிழை மட்டும் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாய். அந்தக் குறை என்னுடையது, உன்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், டியூட்டி டியூட்டி என்று ஓடிக்கொண்டிருந்துவிட்டேன். பரவாயில்லை, எழுத்துக்கூட்டியே படி. ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டு நாள் எடுத்துக்கொள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்துவிடு. அந்த மணிக்குத்தான் உன் தீர்மானத்தின் மேல் வாக்கெடுப்பு முடிகிறது. போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீ "சரிம்மா, ஆய்த்து, பிடு" என்று, ஆயிற்று விடு என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கத்தரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். நாலு தடவை முயற்சி பண்ணிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைப் பெற்ற நாளிலிருந்து நான் பயப்படாத நாள் குறைவு. காய்ச்சல் என்றால் பயம், நீ முதன்முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு ரிங் ரோடு போனபோது பயம், பரீட்சை ரிசல்ட் அன்று உன்னைவிட எனக்குத்தான் பயம். அதெல்லாம் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். இப்போது முதல் தடவையாக உன்னால் மற்றவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளை கொண்டுவந்த தீர்மானத்துக்கு எதிராக வாக்களிப்பதா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா இந்த மைசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உன்னோடு இருக்கிற மற்றவர்களுக்கும் இதைக் காட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்கிறேன். மழை அளக்கிற ஒரு பெட்டி. மேலே ஒரு புனல், பக்கத்தில் உள்ளங்கை அளவு சூரியத் தகடு. மாடியிலோ வயலிலோ வைத்துவிட்டால் எவ்வளவு பெய்தது என்று அதுவே அனுப்பிக்கொண்டிருக்கும், பெரிய மழை என்றால் அக்கம்பக்கத்துப் போன்களில் எச்சரிக்கை மணி அடிக்கும். பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, ஆபீஸ் என்று ஒரு மேஜை நாற்காலிகூடக் கிடையாது. ஒரு விதியை மாற்ற வேண்டுமென்றால் யாராவது தீர்மானம் போடுவார்கள், மற்றவர்கள் வாக்களிப்பார்கள். யார் எதற்கு என்ன வாக்குப் போட்டார் என்பது பிளாக்செயின் என்கிற, எல்லோரும் பார்க்கிற பதிவேட்டில் ஏறிவிடும், அப்புறம் பிரம்மாவே வந்தாலும் அழிக்க முடியாது. நீ இங்கே மைசூர் ஹெப்பாளில் இருந்த கம்பெனி வேலையையும் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போன கம்பெனி பஸ்ஸையும் விட்டுவிட்டு, இந்தத் தலைவர் இல்லாத சங்கத்துக்காகப் பெங்களூர் போனாய். போகும்போது நம் மண்டி மொஹல்லா வீட்டு மாடியில் ஒரு பெட்டி, மார்டள்ளி கிராமத்தில் உன் மாமாவின் மேட்டு வயலில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போனாய்.

உங்கள் சங்கத்தில் யாரும் வாக்குப் போடுவதில்லை என்று நீ புலம்பியது ஞாபகம் இருக்கிறது. தீர்மானம் ஒவ்வொன்றும் இங்கிலீஷில் பத்துப் பக்கம், யார் படிப்பார்கள். அதற்குத்தான் நீ அந்த ஏஐ உதவியாளரைக் கட்டினாய். அது தீர்மானத்தைப் படிக்கும், தமிழிலோ கன்னடத்திலோ நமக்குச் சொல்லும், நம் அபிப்பிராயத்தைக் கேட்கும், அதன்படி வாக்கைத் தயார் பண்ணி ஒரு பச்சைப் பொத்தானாக நீட்டும். நாம் அழுத்தினால்தான் வாக்கு விழும். நல்ல காரியம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். மாதம் ஒருமுறை எல்லோரும் பெட்டியைத் திறந்து கழுவ வேண்டும், போட்டோ போட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தபோது நான் அதனிடம் சண்டையே போட்டேன். மாதம் ஒருமுறையாம். எங்கள் சந்தில் இருக்கிற புறாக்களை அந்த ஆள் பார்த்திருக்கிறானா, இரண்டு நாளில் புனல் அடைத்துக்கொள்ளும், கம்பி வலை போடாமல் கழுவிக் கழுவி என்ன பிரயோஜனம் என்று தமிழில் கத்தினேன். அது பொறுமையாகக் கேட்டு, நான் சொன்னதை நல்ல இங்கிலீஷில் எழுதி, இப்படிப் போடட்டுமா என்று காட்டியது. எந்தெந்தத் தேசத்துக்காரர்களோ பதில் எழுதினார்கள். கடைசியில் வலை போடுவதுதான் விதி ஆனது. அன்றைக்கு நான் கீழ்வீட்டுக்காரியிடம் போய், உலகம் முழுக்க இனிமேல் என் வலைதான் என்று பீற்றிக்கொண்டேன். ரயில்வேயில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும் என் பேச்சை எடுத்து ஒரு விதி எழுதியது அதுதான் முதல் தடவை.

அப்புறம் நான் கெட்டுப்போனேன். வாரத்துக்கு இரண்டு தீர்மானம், மூன்று தீர்மானம் வர ஆரம்பித்தது. குக்கர் விசில் அடிக்கும்போது வரும், காய்கறிக்காரனோடு பேரம் பேசும்போது வரும். ஒரு நாள் எரிச்சலில் உதவியாளரிடம், நம் மாடி சம்பந்தப்பட்டது இல்லையென்றால் என்னைக் கேட்காதே, என் பிள்ளை என்ன போடுகிறானோ அதையே எடுத்து வை, அவன்தானே இதெல்லாம் கட்டினவன் என்று சொல்லிவிட்டேன். நினைவூட்டலையும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்துவதற்கு முன்னால் அது இரண்டு தடவை நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்று நான்தான் சொன்னேன். அதிலிருந்து பச்சைப் பொத்தான் வரும், பெருவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். என்னத்துக்குத் தட்டினேன் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இப்போது மார்டள்ளியில் நடந்ததற்கு வருகிறேன். உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. மாமா வீட்டு அத்தை வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறது என்றுதான் சொன்னேன். அவள் வழுக்கி விழவில்லை. மேட்டில் கொட்டுகிற மழை கீழே பள்ளத்து ஓடைக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆகும். மாமாவின் பெட்டி மேட்டில் இருந்ததால், அது மணி அடித்தால் உடனே அக்கரையில் மேய்கிற ஆட்டை ஓட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு மணி அடிக்கவில்லை. கீழே வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அவள் பள்ளத்து நடுவில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தபோது செம்மண் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. ஒரு புங்க மரத்து வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். காலைப் பாறை இடித்துவிட்டது. இரண்டு ஆடு போய்விட்டது. ஆட்கள் கயிறு கட்டி இழுத்தபோது அவள் கை விரல்களை வேரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம். இதை மாமாதான் போனில் சொன்னான்.

பெட்டி ஏன் அடிக்கவில்லை என்று பார்த்தால், சங்கம் அந்தப் பெட்டியை நீக்கியிருக்கிறது. அடிக்கடி பேச்சற்றுப் போகிற பெட்டிகளால் கணக்கு கெடுகிறது, அவற்றை நீக்கிவிடலாம் என்று ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. மார்டள்ளியில் கரண்டு போனால் டவரும் படுத்துவிடும், டவர் படுத்தால் பெட்டி எப்படிப் பேசும். எனக்கு வந்த ஆத்திரத்தில், எந்தப் பாவி இதற்குக் கை தூக்கினான் என்று பார்க்கத்தான் அந்தப் பிளாக்செயின் பதிவைத் திறந்தேன். நீதான் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்திருந்தாய். ஆம் என்ற பக்கத்தில் என் பெயர் இருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே உன் பெயர். அதற்கும் கீழே மாமாவின் பெயர். தன் பெட்டியைப் பிடுங்குவதற்குத் தானே ஆம் என்று போட்டிருக்கிறான் என் தம்பி.

உதவியாளரைக் கேட்டேன், நான் எப்போது இதற்குச் சம்மதித்தேன் என்று. அது மழுப்பவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். மகன் போடுவதையே எடுத்து வை என்று நீங்கள் சொன்னீர்கள், அதன்படி எடுத்து வைத்தேன், நீங்கள் அழுத்தினீர்கள் என்றது. மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களின் பெட்டிகள் இதில் போய்விடலாம் என்று பொத்தானுக்கு மேலேயே ஒரு வரி எழுதியிருந்தேன், நீங்கள் திறந்து பார்க்கவில்லை, உங்கள் குடும்பத்துப் பெட்டி ஒன்று அப்படிப்பட்ட ஊரில் இருக்கிறது என்பதை நான் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. மிஷின் தன் பங்குத் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டது. என் பங்கை நான் யாரிடம் ஒப்புக்கொள்வது? மாமாவிடம் கேட்டேன், நீயாவது படித்திருக்கக் கூடாதா என்று. அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சொன்னான்: "அக்கா, நானெங்க அதெல்லாம் படிச்சேன். நீ பட்டணத்துல இருக்கறவ, வெவரந் தெரிஞ்சவ. அக்கா எதைப் போடுதோ அதையே போடுன்னு சொல்லிப்போட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் குரலில் கோபமே இல்லை.

சரி, தம்பி என்னைப் பார்த்துப் போட்டான், நான் உன்னைப் பார்த்துப் போட்டேன், நீயாவது யோசித்துப் போட்டிருப்பாய், அதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ எதையோ மென்றுகொண்டே பேசினாய். அந்தப் பெட்டித் தீர்மானத்துக்கு நீ ஏன் ஆம் போட்டாய் என்று கேட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு எங்கம்மா டைம்? ப்ரோகிராம் கோட் விஷயம் தவிர மத்ததெல்லாம், அம்மா என்ன போடறாங்களோ அதையே எடுத்து வைன்னு சொல்லிருக்கேன். நீதான் ஒவ்வொண்ணையும் உட்கார்ந்து படிக்கறியே, அஷ்டே, அவ்வளவுதான்." புறா வலைக்காகச் சண்டை போட்ட அம்மாவை நீ நம்பியிருக்கிறாய். அந்த நிமிஷம் எனக்கு உன்மேல் பாசம் வந்ததா பயம் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன். நான் உன்னைப் பார்த்துப் போட்டது உனக்குத் தெரியாது. நீ என்னைப் பார்த்துப் போட்டது எனக்குத் தெரியாது. இப்படி இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன செய்வாய் என்று உதவியாளரைக் கேட்டேன். அப்படிச் சுற்றிக்கொண்டால் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் முன்னால் இருக்கிறதோ அதை எடுத்து வைக்கும்படி விதி இருக்கிறது என்றது. அந்த விதியை எழுதியது நீ. யாரோ நாலு பேர் முதலில் போட்ட பக்கத்துக்கு நம் மூன்று பேர் பெயரும் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உன் அத்தை அந்த வேரைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று நம்மில் ஒருவரும் முடிவு பண்ணவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

இதற்கு மிஷின் மட்டும் காரணம் என்று நான் சொன்னால் அது பொய். மிஷின் வருவதற்கு முன்பே நம் வீட்டில் இந்தச் சுற்று நடந்திருக்கிறது. உன் அப்பாவின் ஆபரேஷன் விஷயத்தை நான் உன்னிடம் பேசியதே இல்லை. இரண்டு வழி இருக்கிறது, ஆபரேஷன் பண்ணலாம், மாத்திரையிலேயே ஓட்டலாம், இரண்டிலும் ஆபத்து உண்டு, வீட்டில் பேசி முடிவு சொல்லுங்கள் என்று டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். அப்பாவைக் கேட்டால், உன் இஷ்டம் என்று என்னைக் காட்டினார். எனக்கு என்ன தெரியும், பையன் படிக்கிறவன், அவன் சொல்லட்டும் என்று உன்னைக் காட்டினேன். உனக்கு அப்போது காலேஜில் கடைசி வருஷம், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, டாக்டர் எதைச் சொல்கிறாரோ அதைச் செய்யலாம் என்றாய். டாக்டர் மறுபடி எங்களையே கேட்டார். மூன்றாம் நாள், இப்படி ஒருவரையொருவர் கேட்டே அலுத்துப்போய், நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். அப்பா பிழைத்து வந்தார், ஆனால் எழுந்து நடமாடவேயில்லை, ஒரு வருஷத்துக்கும் மேலே கட்டில்தான். ஒரு மத்தியானம் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எனக்கு மாத்திரையே போதும்னுதான் இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் ஆசைப்படறீங்களேன்னு ஒத்துக்கிட்டேன்."

கண்ணு, எனக்கும் மாத்திரையே போதும் என்றுதான் இருந்தது. அவர் எழுந்து நடக்க ஆசைப்படுகிறார், நீ அப்பாவை எப்படியாவது காப்பாற்ற ஆசைப்படுகிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு கவளம் எடுத்து ஊட்டினேன். அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். உன் மனதில் அன்றைக்கு என்ன இருந்தது? நான் உன்னைக் கேட்டதேயில்லை. கேட்டால் நீயும் மாத்திரை என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான்.

ரயில்வே முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். படிவத்தில் எந்தப் படுக்கை வேண்டும் என்று கேட்கிற இடத்தைக் காலியாக விட்டு, கையெழுத்து மட்டும் போட்டு நீட்டுகிறவர்கள் நிறையப் பேர். "நீங்களே பார்த்துப் போடுங்க மேடம்" என்பார்கள். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, மறைக்க மாட்டேன். நம்மை நம்புகிறார்களே என்ற சுகம். ஒரு தடவை முட்டி தேய்ந்த ஒரு பெரியவருக்கு, வரிசை நீளமாக இருந்த அவசரத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேல் படுக்கை போட்டுவிட்டேன். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபிறகு வேறு டிக்கெட்டுக்காக அதே ஜன்னலுக்கு வந்தார். எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். ஏற முடியாமல் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டாராம். ஏன் ஐயா என்னைத் திட்டவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் போட்டால் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தேன் என்றார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். நீ கட்டியிருக்கிற சங்கத்தில் இப்போது எல்லோரும் அந்தப் பெரியவர் மாதிரி ஆகிவிட்டார்கள், அந்தச் சுகம் உனக்கும் பிடித்துப்போய்விட்டது என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம் தப்பு என்றால் அம்மாவைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது உன் தீர்மானம். பொத்தானை அழுத்தக்கூடப் பாதிப் பேர் வருவதில்லை, அதனால் உதவியாளர் எடுத்து வைத்த வாக்கை அதற்குரிய உறுப்பினர் மூன்று நாளில் தடுக்காவிட்டால், அழுத்தாமலே அது விழுந்துவிடட்டும் என்கிறாய். இதை நான் உதவியாளரை வைத்துக்கொண்டு நாலு நாள் வரி வரியாகப் படித்தேன். முன்பு போட்ட உத்தரவை எல்லாம் முதலில் ரத்து பண்ணினேன். உன் பக்கத்து நியாயத்தைச் சொல் என்றேன், எதிர்ப் பக்கத்தையும் சொல் என்றேன், இரண்டையும் ஒழுங்காகச் சொன்னது. உன் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆள் வராத சங்கத்தை நாலு தடிப்பயல்கள் பிடித்துக்கொள்வார்கள், அதைவிட எல்லோர் வாக்கும் எப்படியோ விழுவது நல்லது என்கிறாய். ஆனால் விழுகிற வாக்கு யாருடையது, கண்ணு? நானும் நீயும் மாமாவும் அழுத்திய மூன்று வாக்கில் ஒன்றுகூட ஒருவருடையதும் இல்லை. அந்த ஒரு தட்டையும் எடுத்துவிட்டால், அத்தனை பெயரும் பதிவில் இருக்கும், எண்ணிக்கை பிரமாதமாக இருக்கும், உள்ளே ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். இன்றைக்கு மழைப் பெட்டி. நாளைக்கு உன்னைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர்களும் பள்ளிக்கூடத்துக்காரர்களும் இதையே கட்டினால் என்ன ஆகும்?

நேற்றுக் காலை மாமாவுக்குப் போன் போட்டு உன் தீர்மானத்தை முழுசாகச் சொன்னேன். நான் வேண்டாம் போடப் போகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. இனிமேல் அக்கா வாலைப் பிடிக்காதே, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் போடு என்றேன். அவன் நிறையக் கேள்வி கேட்டான். தடுக்க வேண்டும் என்றால் எங்கே அழுத்துவது, டவர் இல்லாத நாளும் மூன்று நாளில் சேருமா என்றெல்லாம் கேட்டான். நானே யோசிக்காத கேள்விகள். ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டு, ஆம் போட்டுவிட்டதாகச் சொன்னான். இல்லையென்றால் எங்கள் ஊரில் ஒருத்தனும் ஓட்டே போட மாட்டான், எங்களைக் கேட்காமலேதான் எல்லாம் நடக்கும், மிஷினாவது போடட்டும் என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் மாற்றச் சொல்லவில்லை. பெண்டாட்டியைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, இரண்டு ஆட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு, உட்கார்ந்து யோசித்துப் போட்ட வாக்கு அது. அந்த வாக்கு உனக்குத்தான்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய் என் வாக்கைப் போட்டுவிட்டு வந்தேன். பிள்ளைக்கு எதிராக, அதுவும் அழிக்க முடியாத இடத்தில், என் பெயரைப் போட்டு வேண்டாம் என்று எழுதுகிறோமே என்று இரண்டு தடவை எடுத்துக் கீழே வைத்தேன். உதவியாளர்கூட, யோசிக்க வேண்டுமென்றால் ஞாயிறு வரை நேரம் இருக்கிறது என்றது. யோசித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். அழுத்திவிட்டு, சரியாக ஏறியிருக்கிறதா என்று பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் பக்கத்தில் என் பெயர் வந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதற்குக் கீழே இன்னொரு பெயர் வந்து நின்றது.

உன் பெயர், கண்ணு. உன் தீர்மானத்துக்கு எதிராக நீயே வேண்டாம் போட்டிருக்கிறாய். இது கோட் இல்லை, விதிதான் என்று நான் போட்டதையே உன் உதவியாளர் எடுத்து நீட்டியிருக்கும், நீ எங்கேயோ நடந்துகொண்டோ மென்றுகொண்டோ ஒரு தட்டுத் தட்டியிருப்பாய். இதைப் படிக்கிற இந்த நிமிஷம்வரை உனக்கு அது தெரியாது. நான் போன் பண்ணிச் சொல்லப் போவதில்லை. பழையது பதிவிலிருந்து அழியாது, ஆனால் ஞாயிறு ஆறு மணிவரை புது வாக்குப் போட்டு மாற்றலாம் என்று விதி இருக்கிறது. மாற்று, மாற்றாமல் போ, எனக்கு எதுவானாலும் சம்மதம். போய்ப் பதிவைத் திற, உன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படி, அது உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தடவையாவது நீயே சொல்லு.

அம்மா